பொருளும் போதைப்பொருளும்: அக்கானிக் கலயத்திலிருந்து ஓர் அறிமுகம்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு பள்ளியில் வேதியியல் கற்பித்துவந்த நாட்களில், போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்து முடிந்த ஒரு காலையில், பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னருகே வந்து கேட்டான்: "சாரே, கஞ்சா வெறும் இலைதானே? அதுல கெமிக்கல் ஒண்ணும் கெடையாதே?" கேலிக்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் இதற்கு எதிர்ப்பக்கமிருந்து கேட்டார்: "கடையில விக்குற எல்லாத்துலயும் கெமிக்கல்தான் கெடக்கு. பிள்ளைக்கு எதைத்தான் குடுக்க?"

இருவர் மனத்திலும் இருந்தது ஒரே தவறான எண்ணம்தான். கெமிக்கல் என்றால் தொழிற்சாலையில் பிறந்த நஞ்சு என்பது அது. அப்படியானால் தோட்டத்தில் முளைப்பது எதுவும் கெமிக்கல் ஆகாது என்று மாணவன் முடிவு கட்டினான். பாக்கெட்டில் வருவது அனைத்தும் ஒரே அளவு கேடு என்று தாய் முடிவு கட்டினார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. ஆயினும் அறிவியல் பாடநூலில் வரும் பொருளும் உறுதிமொழி அட்டையில் வரும் போதைப்பொருளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலவே இங்கும் கற்பிக்கப்படுகின்றன. முதலாவது விளங்காமல் இரண்டாவது விளங்காது என்பது என் எண்ணம். எனவே முதலாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

கெமிக்கல் என்பது வசைச்சொல் அல்ல

எடையும், இடத்தை அடைக்கும் தன்மையும் கொண்டது எதுவோ அது பொருள். மேசைமேல் இருக்கும் கருப்பட்டியும், கொட்டகையில் உலரும் ரப்பர் ஷீட்டும், கன்னியாகுமரிக் கரையில் முகத்தில் அறையும் காற்றும் பொருள்களே. இவற்றில் எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது வேதிப்பொருள்தான். ‘கெமிக்கல் இல்லாத உணவு’ என்று விளம்பரப் பலகை எழுதுகிறவர் பூச்சிக்கொல்லி இல்லாத உணவு என்று சொல்ல வருகிறார். எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், அந்தத் தட்டில் ஒன்றுமே இருக்க முடியாது.

ஒரே வகை அணுக்களால் மட்டும் ஆனது தனிமம். தங்கம், இரும்பு, நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் ஆகியவை தனிமங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிப்பிணைப்பால் இணைந்து புதிய குணத்தோடு நிற்பது சேர்மம். ‘புதிய குணம்’ என்ற சொற்களை வாசகர் சற்று நின்று படிக்க வேண்டும். புத்தளம் உப்பளங்களில் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் உப்பு, சோடியமும் குளோரினும் சேர்ந்தது. சோடியம் தண்ணீர் பட்டாலே சீறித் தீப்பிடிக்கும் உலோகம். குளோரின் 1915-இல், முதல் உலகப் போரின்போது, வீரர்களைக் கொல்வதற்காகப் போர்க்களத்தில் திறந்துவிடப்பட்ட வாயு. இவை இரண்டும் இணைந்ததைத்தான் நாம் மீன்குழம்பில் போடுகிறோம். ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து அது என்ன செய்யும் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று கிடையாது.

மூன்றாவது வகை கலவை. இதில் பொருள்கள் பிணைப்பின்றிச் சேர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றும் தன் குணத்தை விடாது. விகிதமும் நிலையாக இராது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலை எண்ணிப் பாருங்கள். அதில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட் ஆகிய கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. காந்தத்தால் இழுபடுவது ஒன்று, மின்னேற்றத்தால் விலகுவது ஒன்று, கனத்தால் படிவது ஒன்று என்று அவற்றின் தனிக்குணங்களைக் கொண்டே அங்குள்ள ஆலை அவற்றைப் பிரிக்கிறது. ஒரு கைப்பிடி மணலில் எது எவ்வளவு என்பது வெறும் கண்ணால் பார்க்கிறவருக்குத் தெரியாது. தெருவில் கைமாறும் பொட்டலத்துக்கும் இதே நிலைதான். அதைப் பின்னால் பார்ப்போம்.

இடையில் ஒரு சொல். ‘சரக்கு’ என்பது பழைய வழக்கில் விற்பனைப் பண்டம். சித்த மருத்துவர்களிடம் அது மருந்துக்கான மூலப்பொருள். இன்றைய இளைஞரிடம் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் எஞ்சியிருக்கிறது. பண்டம், மருந்து, போதை ஆகிய மூன்றும் தமிழில் ஒரே சொல்லில் வந்து நிற்பது எனக்கு வியப்பளிப்பதில்லை. அவை மூன்றும் மூலக்கூறுகளே. மூலக்கூறு என்பது அணுக்கள் பிணைந்து தனித்து நிற்கக்கூடிய மிகச் சிறிய அலகு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எல்லாமே வேதிப்பொருள், சேர்மத்தின் குணம் அதன் பிறப்பிடத்தைப் பொறுத்ததன்று, அமைப்பைப் பொறுத்தது, கலவையில் எது எவ்வளவு என்பது பார்வைக்குப் புலப்படாது.

ஒரே பாளை, இரண்டு கலயம்

பனையேறியின் வேலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அடுத்த படி எளிது. பாளையைச் சீவி, அதன் நுனியில் கலயம் கட்டுவார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது அக்கானி. வெளியூர்களில் இதைப் பதநீர் என்பார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, இறங்கும் சாறும் ஒன்று.

அந்தச் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று, எத்தனால் என்ற சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இதற்குப் பெயர் நொதித்தல். கள்ளின் நுரை அந்த வாயுதான். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கிவிடுவதால் ஈஸ்ட் அங்கே பிழைப்பு நடத்த முடிவதில்லை. சர்க்கரை சர்க்கரையாகவே தங்கி, அடுப்பேறிக் கருப்பட்டியாகிறது.

இதில் யாரும் எந்தத் தொழிற்சாலைப் பொருளையும் சேர்க்கவில்லை. சொல்லப்போனால், கள்ளில்தான் மனிதன் சேர்த்தது ஒன்றுமில்லை. ஒன்றைச் சேர்த்தால்தான் அது அக்கானியாகவே நிற்கிறது. ‘இயற்கையானது தீங்கற்றது’ என்ற நம்பிக்கை இந்தக் கலயத்திலேயே உடைந்துவிடுகிறது.

சட்டத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. எல்லைக்கோட்டைக் கடக்கும்போது எத்தனால் மூலக்கூறில் ஓர் அணுகூட மாறுவதில்லை. ஆகவே ஒரு பொருள் சட்டப்படி விற்கப்படுகிறதா என்பது ஒரு கேள்வி, அது வளரும் உடலுக்குள் என்ன செய்யும் என்பது வேறொரு கேள்வி. இவை இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் பெரும்பாலான வீட்டு விவாதங்கள் திசைமாறுகின்றன. ‘அரசாங்கமே விற்கிறதே’ என்ற வாதத்துக்கு வேதியியலில் இடமில்லை.

"பீர்தானே?"

ஒரு கரைசலில் குறிப்பிட்ட பொருள் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பதே செறிவு. கருப்பட்டிக் காப்பியில் ஒரு துண்டு போடுவதற்கும் மூன்று துண்டு போடுவதற்கும் உள்ள வேறுபாடு அது. பலர் செறிவை மட்டும் பார்த்துவிட்டு மொத்த அளவை மறந்துவிடுகிறார்கள்.

650 மில்லி புட்டியில் 8 விழுக்காடு எத்தனால் உள்ள பீர் ஒன்றைக் குடித்தால் உடலுக்குள் போவது 52 மில்லி எத்தனால். 42.8 விழுக்காடு உள்ள பிராந்தியில் 180 மில்லி, அதாவது ஒரு குவார்ட்டர், குடித்தால் உள்ளே போவது சுமார் 77 மில்லி. இரண்டு பீர் குடித்தவன் 104 மில்லியை உள்ளே அனுப்பிவிட்டு, "நான் பிராந்தி தொடமாட்டேன், பீர்தான்" என்று பெருமையாகச் சொல்கிறான். கல்லீரலுக்குப் புட்டியின் பெயர் தெரியாது. அது தனக்கு வரும் எத்தனாலை மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் என்ற வேகத்தில்தான் சிதைக்கும். ஒரு குவார்ட்டரில் உள்ளது ஏறத்தாழ 60 கிராம். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், ஆற்றில் முங்கிக் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. நேரம்தான் கழிய வேண்டும். பதினைந்து வயதுச் சிறுவனின் உடல் சிறியது, அதிலுள்ள நீரும் குறைவு. ஆகவே அதே புட்டி அவன் இரத்தத்தில் எழுப்பும் செறிவு, அவன் தந்தையின் இரத்தத்தில் எழுப்புவதைவிட அதிகம்.

எத்தனாலுக்கு மிக நெருங்கிய உறவினன் மெத்தனால். எத்தனாலில் இரண்டு கார்பன் அணுக்கள், மெத்தனாலில் ஒன்று; வேறுபாடு அவ்வளவே. இரண்டும் நிறமற்றவை, குடிப்பவருக்கு வேறுபாடு தெரியாது. கல்லீரலில் உள்ள நொதிகள், அதாவது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், இரண்டையும் ஒரே வழியில்தான் உடைக்கின்றன. எத்தனால் உடைந்து கடைசியில் வருவது வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம். மெத்தனால் உடைந்து முதலில் வருவது ஃபார்மால்டிஹைடு. உயிரியல் ஆய்வகத்தில் தவளையைக் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலினில் உள்ள அதே பொருள். அடுத்து வருவது ஃபார்மிக் அமிலம்.

ஃபார்மிக் அமிலத்தைக் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து வாசகர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரப்பர் பாலைத் தட்டில் ஊற்றி உறையவைக்க நீர்த்த நிலையில் சேர்க்கிறோமே, அந்த ஆசிட்தான். அதைக் கையாளும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளும் நாம், மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவரின் உடல் அதே அமிலத்தை உள்ளேயே தயாரிக்கிறது என்பதை நினைப்பதில்லை. அது உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பார்வை நரம்பு அதற்கு முதலில் பலியாகும் இடங்களில் ஒன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். கலவையில் எது எவ்வளவு என்பது பார்வைக்குப் புலப்படாது என்று முன்பு சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்: வாங்குகிறவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்கிறவருக்கும் தெரியாது.

சுருக்கமாக: எந்த மூலக்கூறு, மொத்தம் எவ்வளவு, எந்த உடலுக்குள் என்ற மூன்றும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கின்றன. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற முதுமொழி இவற்றில் இரண்டாவதை மட்டும் சொல்கிறது. நான்காவதாக இன்னொன்றும் உண்டு. அது வழி.

சுண்ணாம்பு செய்யும் இன்னொரு வேலை

புகையிலைச் செடி நிக்கோட்டின் என்ற மூலக்கூறைத் தயாரிப்பது நமக்காக அன்று. தன் இலையைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்லத்தான் தயாரிக்கிறது. புகையிலைக் கஷாயத்தைச் செடிகளுக்குத் தெளிக்கும் வழக்கம் நம் தோட்டங்களிலும் உண்டு. ஆக, பூச்சிக்கொல்லி தெளித்த வெண்டைக்காயைக் கண்டு அஞ்சுகிற குடும்பத்தில், ஒருவர் கன்னத்தில் ஒதுக்கியிருப்பதே ஒரு பூச்சிக்கொல்லிதான்.

இங்கே நம் பழைய சுண்ணாம்பு மீண்டும் வருகிறது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் சுண்ணாம்பு தடவாமல் போடமாட்டார்கள். காரணம் கேட்டால் ‘அப்போதுதான் பிடிக்கும்’ என்பார்கள். அந்தச் சொல்லில் வேதியியல் இருக்கிறது. அமிலத்தன்மையுள்ள சூழலில் நிக்கோட்டின் மூலக்கூறு மின்னேற்றம் கொண்டிருக்கும். அந்நிலையில் வாயின் உட்சவ்வை அதனால் எளிதில் கடக்க முடியாது. சுண்ணாம்பு வாயைக் காரமாக்கும்போது நிக்கோட்டின் மின்னேற்றத்தை இழந்து, சவ்வை ஊடுருவி விரைவாக இரத்தத்தில் கலக்கிறது. கலயத்தில் போதை பிறக்காமல் தடுத்த அதே சுண்ணாம்பு, வாயில் போதைக்கு வழிவிடுகிறது. சுண்ணாம்பு நல்லதா கெட்டதா என்று ஒருவர் கேட்டால், எங்கே என்று திருப்பிக் கேட்பதே சரியான விடை.

மாணவர்களிடையே இப்போது புழங்குவது உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கும் சிறு பைகள். புகை வராது, துப்ப வேண்டியதில்லை, வாயில் புதினா மணக்கும். வகுப்பறையில் உட்கார்ந்தபடியே பயன்படுத்தலாம் என்பதே அவற்றின் கவர்ச்சி. வாய்வழியே நிக்கோட்டின் சற்று நிதானமாக ஏறுகிறது. புகையாக இழுக்கும்போது அது நுரையீரலின் பரந்த பரப்பில் படிந்து, 10 முதல் 20 விநாடிகளில் மூளையை அடைந்துவிடுகிறது. ஒரு பொருள் எவ்வளவு விரைவாக மூளையைச் சேர்கிறதோ, அவ்வளவு உறுதியாக மூளை அந்தச் செயலையும் அதன் பலனையும் முடிச்சிட்டு வைத்துக்கொள்ளும். ஒரே பொருள் ஒரு வழியில் மெதுவாகவும் வேறொரு வழியில் வேகமாகவும் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

மூளைக்குள் நடப்பது

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. ஒரு நரம்பணு அந்த இடைவெளியில் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கும். அது நரம்புக் கடத்தி. அடுத்த நரம்பணுவின் மேல் அதைப் பெற்றுக்கொள்ளும் புரதம் இருக்கும், அது ஏற்பி. வடிவம் பொருந்தினால்தான் ஏற்பி வேலை செய்யும். பசித்தபோது சோறு, விளையாட்டில் வெற்றி, நண்பனின் தோள் என்று உயிருக்கு உகந்தது எதையேனும் செய்யும்போது டோபமைன் என்ற நரம்புக் கடத்தி சுரக்கிறது. ‘இதை நினைவில் வை, மறுபடியும் செய்’ என்பதுதான் அது சொல்லும் சேதி. டோபமைனை இன்பச் சுரப்பி என்று எழுதுகிறார்கள்; அது சுரப்பியும் அன்று, இன்பமும் அன்று. அது கற்பிக்கும் பொருள்.

போதைப்பொருள் என்று நாம் சொல்வது, இந்த ஏற்பாட்டுக்குள் அழைக்கப்படாமல் வந்து பொருந்திவிடும் மூலக்கூறு. நிக்கோட்டின் ஓர் ஏற்பியில் நேரடியாக அமர்கிறது. எத்தனால் பலவற்றைத் தொட்டு மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. ஓபியம் வகை வலிநிவாரணி மாத்திரைகள் உடலின் சொந்த வலிநிவாரணிகளுக்கான ஏற்பிகளில் அமர்கின்றன. அளவு மிஞ்சினால் மூச்சை நடத்தும் மையத்தையே தூங்கவைத்துவிடுகின்றன. மருந்துக்கடை மாத்திரைதானே என்ற தைரியம் மிக ஆபத்தாவது இங்கேதான்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வரலாம். கஞ்சா என்று 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வரையறுப்பது இலையை அன்று. செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை. காரணம், பெண் பூக்களைச் சுற்றியுள்ள பிசினில்தான் டி.எச்.சி. என்ற மூலக்கூறு மிகுதியாகச் சேர்கிறது. அதன் அமைப்பை 1964-இல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் காவோனியும் கண்டறிந்தார்கள். ஒரு செடியின் பிசினுக்கு மனித மூளையில் ஏன் ஏற்பி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1992-இல் விடை கிடைத்தது: நம் மூளையே அதையொத்த வேலை செய்யும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அதற்கு ‘ஆனந்த’ என்ற வடசொல்லைக் கொண்டு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். மூளை அதைத் துளித்துளியாக, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சுரந்து, உடனே சிதைத்தும் விடும். டி.எச்.சி. மூளை முழுவதிலும் உள்ள அந்த ஏற்பிகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பில் கரைவதால் உடலைவிட்டு நாள்கணக்கில், தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களிடம் வாரக்கணக்கில், வெளியேறாமல் இருக்கிறது. இலையா பூவா என்பது தாவரவியல். நினைவாற்றலைக் குலைப்பது மூலக்கூறு.

கோயில் கொடையிலோ தேவாலயத் திருவிழாவிலோ குழாய் ஒலிபெருக்கிக்கு அருகில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவர், மறுநாள் காலையில் வீட்டார் கூப்பிடுவது காதில் விழாமல் நடந்து போவார். ஏற்பிகளுக்கு நேர்வதும் அதுதான். ஓயாத இரைச்சலுக்கு மூளை தன் காதைத் தானே மந்தமாக்கிக்கொள்கிறது. முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாமல் போவதைத் தாங்குதிறன் என்பார்கள். சிலர் இதை உடம்பு பலப்பட்டதாக எண்ணி, ‘எனக்கு ஏறாது’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். பழுதடைந்த காதை யாரும் பலமான காது என்று சொல்வதில்லை. பொருள் இல்லாவிட்டால் நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை என்று உடல் தடுமாறும் நிலைக்குச் சார்பு என்று பெயர்.

இதில் நேரத்துக்கும் பங்குண்டு. உடலிலுள்ள ஒரு பொருளின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் காலம் அரைஆயுள். நிக்கோட்டினுக்கு அது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலுக்கு வெளியே புகைத்த மாணவன் மூன்றாவது பாடவேளையில் கால் ஆட்டத் தொடங்குவான். கழிவறைக்குப் போக அனுமதி கேட்பான். அது பாடம் பிடிக்காததால் வந்த அமைதியின்மை என்று நானே பல நாள் நினைத்திருக்கிறேன். என் பாடத்துக்குள்ளேயே விடை இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

சொன்னதைத் தொகுத்தால்: போதைப்பொருள் மூளையில் இல்லாத இன்பத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஏற்பிகளை அளவின்றி இயக்குகிறது. மூளை தன்னை மந்தமாக்கிக்கொண்டு பதில் சொல்கிறது.

ரப்பர் மரத்தை ஏழு ஆண்டு வெட்டாமல் வைப்பது ஏன்

ரப்பர் கன்றை நட்டவுடன் யாரும் பால் வெட்டுவதில்லை. தண்டின் சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர் ஆகும்வரை, அதாவது ஆறு, ஏழு ஆண்டுகள், காத்திருக்கிறோம். முன்னதாகவே வெட்டினால் பால் வராது என்பதல்ல காரணம், வரும். வளர்ச்சிக்குப் போக வேண்டியது பாலுக்குப் போய், மரம் பருக்காமல் நின்றுவிடும். வெட்டுக் கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். கத்தியும் அதே, கையும் அதே. மரத்தின் வயதுதான் வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். இந்த வயதில் மூளை உயரத்தைப் போல மேலும் மேலும் பெருகிக்கொண்டு போவதில்லை, தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. பயன்படாத இணைப்புகள் கழிக்கப்படும். பயன்படுபவற்றைச் சுற்றிக் கொழுப்பு உறை படிந்து அவை வேகம் பெறும். இந்த வேலை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. டோபமைன் வழியாக ஆசையைத் தூண்டும் பகுதிகள் பதின்மத் தொடக்கத்திலேயே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. நெற்றிக்குப் பின்னாலிருந்து ‘பொறு, யோசி’ என்று சொல்லும் முன்பகுதி முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. தூண்டும் பகுதிக்கும் தடுக்கும் பகுதிக்கும் இடையில் பத்தாண்டு இடைவெளி. இதை ஒழுக்கக் குறைவு என்று திட்டுவதில் பயனில்லை. திட்டாமல் விட்டுவிட்டால் போதும் என்றும் ஆகாது.

ரப்பர் மர உவமை ஓர் இடத்தில் தவறும். மரத்துக்கு வளர்ச்சியும் பாலும் குறையும், அவ்வளவே. மூளையோ அந்த ஆண்டுகளில் நடப்பதைக் கற்றுக்கொண்டும் இருக்கிறது. எது தொடர்ந்து நிகழ்கிறதோ அந்த இணைப்பைப் பலப்படுத்துவதே அதன் அப்போதைய தொழில். பதினான்கு வயதில் திரும்பத் திரும்பப் புகைப்பவனின் மூளை, ஆங்கில இலக்கணத்தையும் கால்பந்தையும் கற்கும் அதே முனைப்போடு நிக்கோட்டினையும் கற்கிறது. இளம் வயதில் தொடங்கியவர்களுக்கு விடுவது கடினமாவதற்கு இது முக்கியமான காரணம்.

புட்டியும் பொட்டலமும் இல்லாமல்

பஞ்சர் கடையில் டியூப் ஒட்டும் பசையை நாம் ‘சொல்யூஷன்’ என்கிறோம். வேதியியல்படி அது சரியான பெயர்; அது ரப்பர் கரைந்திருக்கும் கரைசல். கரைக்கும் திரவத்துக்குக் கரைப்பான் என்று பெயர். தின்னரிலும் சில பசைகளிலும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் உண்டு. அவை ரப்பரையும் வண்ணப்பூச்சையும் கரைப்பது எந்தக் குணத்தாலோ, அதே குணத்தால் கொழுப்போடும் எளிதில் கலக்கின்றன. நரம்புகளைச் சுற்றியுள்ள உறையோ பெரும்பகுதி கொழுப்பு. இவற்றின் ஆவியை முகர்வதைச் சிறுவர்களின் விளையாட்டு என்று கருதுகிறவர்கள் உண்டு. இதயத் துடிப்பு தாறுமாறாகி முதல் முறையிலேயே உயிர் போவதும் இதில் நடந்திருக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இல்லாமல், தொழிற்கூடத்தில் உரிய வேலைக்காக இருக்கும் டப்பாவிலேயே இது நிகழ்கிறது.

தெரியவந்த பிறகு

பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ‘யார் குடுத்தது?’ என்பதுதான். கொடுத்தவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைக்கு மதுவையோ போதைப்பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பயன்படுத்திப் பழகிவிட்டவர் சிறிய அளவோடு பிடிபட்டு, தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64அ பிரிவு வழிவகுக்கிறது. இந்தப் பிரிவைப் பற்றி அறியாததாலேயே மகனை மருத்துவரிடம் கொண்டுபோக அஞ்சுகிற குடும்பங்கள் இருக்கின்றன. போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

நள்ளிரவில் பிள்ளை மயங்கிக் கிடந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: என்ன பொருள், எவ்வளவு, எந்த வழியில், எப்போது. இந்த நான்கும்தான் இந்தக் கட்டுரை முழுவதும் வந்தவை. மருத்துவருக்குத் தேவைப்படுபவையும் இவையே. மூச்சு இருந்தால் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டக் கூடாது. வாந்தி எடுக்கவைக்க விரலும் விடக் கூடாது, மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். மெத்தனால் என்ற ஐயம் இருந்தால், ஆள் தெளிவாகப் பேசினாலும் காத்திருக்கக் கூடாது. ஃபார்மிக் அமிலம் சேர்வதற்கு நேரமெடுப்பதால், கண் மங்கல் 12 மணி நேரத்துக்குப் பிறகும் தொடங்கலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ புறப்படும்போது, அறையில் கிடக்கும் புட்டி, டப்பா, மாத்திரை அட்டை, காலி உறை எதுவானாலும் அவமானத்துக்கு அஞ்சி வெளியே எறிந்துவிடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மூலக்கூறின் பெயர் அச்சிட்டிருக்கலாம்.